மூத்த கடைக்குட்டி

போரமுக்கு இரண்டு வயது குறைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். குறைத்தவர் கு என்ற கம்பெனித் தலைவர். சியோலில் மாங்வோன் சந்தைக்குப் பின்னால், கீழே மீன்கடையும் மேலே பயிற்சி அறையுமாக இருந்த கட்டடத்தில் அவர் ஒரு பாட்டுக் கம்பெனி நடத்திவந்தார். நான்கு பெண்களைச் சேர்த்து, பெல்கார்டன் என்று பெயர் வைத்து, அரங்கேற்றத்துக்கு நாள் குறித்திருந்தார். மூன்று பேர் அவரிடமே வளர்ந்தவர்கள். நான்காவதாக வந்தவள் போரம். பதினைந்து வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, இரண்டு கம்பெனிகள் இழுத்து மூடப்பட்டதைப் பார்த்துவிட்டு, இங்கே வந்து சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"இருபத்தொரு வயசுல அரங்கேற்றம்னா ஜனங்க கொட்டாவி விடுவாங்க," என்றார் தலைவர், அவளுடைய விண்ணப்பத்தைப் பார்த்தபடி. "உன் முகம் சின்ன முகம். வளர்த்தியும் இல்ல. குழுவுக்கு ஒரு கடைக்குட்டி வேணும். இன்னையிலேருந்து உனக்குப் பத்தொம்பது. குரங்கு வருஷத்தை மறந்துடு. நீ நாய் வருஷத்துல பொறந்தவ." எங்கள் நாட்டில் வருஷங்களுக்கு மிருகப் பெயர்; குரங்கு, சேவல், நாய் என்று வரிசையாக வரும்.

"மத்த மூணு பேர்கிட்ட என்ன சொல்றது?"

"அவங்ககிட்டயும் அதேதான். மூணு வாய்க்கும் பூட்டு வாங்க என்னால ஆகாது."

அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா இஞ்சே என்ற ஊரின் மலைச்சாலையில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவள். "ரெண்டு வயசு கூட்டியிருந்தா வந்து சண்டை போட்டிருப்பேன். குறைச்சது நல்லதுதானே. எனக்கும் ரெண்டு குறைக்கச் சொல்லு," என்று சிரித்தாள். போரமும் சிரித்தாள். ஆறு வருஷம் கண்ணாடிக்கு முன்னால் ஆடிக் களைத்தவளுக்கு, மேடை கிடைத்தால் போதும், வயது யாருக்கு வேண்டும்.

எங்கள் நாட்டில் வயதை மறைப்பது அவ்வளவு சுலபம் அல்ல. ஒரு பாட்டுக்காரி கொஞ்சம் பெயரெடுத்தால் போதும், அவளோடு ஒன்றாம் வகுப்பில் மூக்கு ஒழுகிக்கொண்டு உட்கார்ந்தவன்கூட பள்ளி ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு இணையத்துக்கு வந்துவிடுவான். போரம் படித்த மலைப் பள்ளியில் அவள் வகுப்பில் மூன்றே பேர். பள்ளியையே மூடி, அதில் இப்போது ஒருவர் காளான் வளர்க்கிறார். தலைவருக்கு அதிர்ஷ்டம்.

மாட்டிக்கொண்டது போரம்தான். குழுவின் தலைவி நாரே சேவல் வருஷத்தில் பிறந்தவள். உண்மைக் கணக்கில் போரமைவிட ஒரு வயது சின்னவள். சுல்பியும் தாவோனும் அதே வயது. மூவரையும் அவள் அக்கா என்றாள். ஏழு வருஷம் அக்கா என்றாள். விடுதியில் இருந்தது ஒரே குளியலறை. மூத்தவர்கள் குளித்து முடித்து, வெந்நீர் தீர்ந்த பிறகு அவள் முறை வரும். சாப்பாட்டுக் கடையில் கரண்டி எடுத்து வைப்பது, தண்ணீர் ஊற்றுவது, மரியாதையாக இரண்டு கையாலும் கிண்ணம் நீட்டுவது எல்லாம் அவள் வேலை. "ஏய் குட்டி, துணியை எடுத்துட்டு வாடி" என்பாள் சுல்பி, கால்மேல் கால் போட்டுக்கொண்டு. போரம் எடுத்துக்கொண்டு வருவாள்.

இருபது வயதானவர்களைப் பெரியவர்களாக ஏற்கும் விழாவை ஒரு மே மாதம் கம்பெனியே நடத்தியது. கேமராவுக்கு முன்னால் இருபது ரோஜா. ரசிகர்கள் அனுப்பிய வாசனைத் தண்ணீர் புட்டிகள் மேசையை அடைத்துக் கிடந்தன. "இன்னைக்குத்தான் பெரியவ ஆனேன்," என்று கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு மழலைக் குரலில் சொன்னாள், இருபத்திரண்டு வயதுப் பெண். சொன்ன அன்று கூசியது. பிறகு கூசுவதும் நின்றுவிட்டது. அது நின்றதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த மூவரும் கெட்டவர்களாக இருந்திருந்தால் காரியம் எளிதாக முடிந்திருக்கும். அவர்கள் நல்லவர்கள். மூன்றாவது பாட்டு எப்படியோ பற்றிக்கொண்டு, தொலைக்காட்சியில் முதல் பரிசு வாங்கிய அன்று, நாரே கோப்பையைக் கீழே வைத்துவிட்டு போரமை முதுகில் தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றி ஓடினாள். எடை பார்க்கும் வெள்ளிக்கிழமைகளில் போரமின் முள் அரைக் கிலோ தாண்டினால், "நான்தான் அவளை அரிசிக் கேக்கு தின்னச் சொன்னேன்" என்று நாரே திட்டு வாங்கினாள். கோழியின் கடைசித் துண்டு எப்போதும் கடைக்குட்டிக்கு. ஒவ்வொரு முறையும் போரமின் தொண்டையில் உண்மை வந்து நிற்கும். இன்னொருத்திக்குப் போக வேண்டிய பாசத்தைத் திருடித் தின்கிறோம் என்று தோன்றும். கோழியோடு சேர்த்து அதையும் விழுங்குவாள்.

பரிசு வந்த வேகத்தில் போயும் போய்விட்டது. ஏழாவது வருஷத்தில் பெல்கார்டன் மிளகாய்த் திருவிழா, பூண்டுத் திருவிழா, ராணுவ முகாம் என்று ஊர் ஊராக வேனில் போய்க்கொண்டிருந்தது. ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. தலைவர் நால்வரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பேர் கம்பெனியோடது, பாட்டும் கம்பெனியோடது. நாலு பேரும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டா குழு இருக்கும். ஒருத்தி போடலைன்னாலும் பேரை எடுத்து உள்ள வெச்சிடுவேன். மூணு கால் நாற்காலி எனக்கு வேண்டாம்."

மூவரும் தலையாட்டினார்கள். போரம், "யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்குட்டிகள் யோசிப்பதில்லை.

உண்மையில் அவள் யோசித்து முடித்திருந்தாள். சுன்சோனில் குழந்தைகளுக்கு நடனம் சொல்லித்தரும் பள்ளி ஒன்று அவளை வரச் சொல்லியிருந்தது. அங்கே அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஒப்பந்தம் முடிகிற அன்று மூவரையும் உட்காரவைத்து, மண்டியிட்டாவது உண்மையைச் சொல்லிவிட்டு பஸ் ஏறுவது என்று முடிவு. ஆனால் அவள் பஸ் ஏறினால் மூன்று பேரின் பிழைப்பு போகிறது. ஏறாவிட்டால் முப்பத்தொரு வயது வரைக்கும் மழலை பேச வேண்டும். இருதலைக் கொள்ளி எறும்பாக ஒரு மாதம் ஓட்டினாள்.

நுணலும் தன் வாயால் கெடும். பிற்பகல் ஒளிப்பதிவு ஒன்றில், பியோ என்ற தொகுப்பாளர் விருந்தினரை உட்காரவைத்து வம்பளந்துகொண்டிருந்தார். கால்பந்து உலகக் கோப்பை இங்கே நடந்த அந்த ஜூனில் நீங்கள் எல்லாம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்கள் நாட்டில் யாரும் யோசிப்பதே இல்லை, வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"நான் மூணாவது படிச்சிட்டிருந்தேன். அப்பா தோள்ல உக்காந்து பாத்தேன்," என்றாள் நாரே.

"அமெரிக்காவோட ஆடினாங்களே, அந்தத் திங்கக்கிழமை மத்தியானம் எங்க சார் டிவியை வகுப்புக்கே தூக்கிட்டு வந்துட்டாரு," என்றாள் போரம். "நாலாவதுல நாங்க மூணே பேர். நம்ம அணியோட சிவப்புச் சட்டைகூட அவரே வாங்கிக் குடுத்தாரு."

பியோ விரல்விட்டு எண்ணினார். "இரு, இரு. நாரே மூணாவதுன்னா, கடைக்குட்டி நீ எப்படி நாலாவது? அக்காவை முந்திட்டியா?"

போரம் சட்டென்று சமாளித்தாள். "மலைப் பள்ளிக்கூடம் சார். ஆளே இல்லைன்னு ரெண்டாவது, நாலாவது எல்லாரையும் ஒரே அறையில உக்கார வெச்சிருந்தாங்க. எந்த வகுப்புன்னு எங்களுக்கே தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். நாரேயும் சிரித்தாள். ஆனால் வேனில் திரும்பும்போது அவளும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் நாரே இஞ்சேயில் இருந்த போரமின் அம்மாவுக்குப் போன் போட்டாள். கையெழுத்துக்கு முன்னால் நால்வருக்கும் ஜாதகம் பார்க்கப்போகிறோம், போரம் பிறந்த நேரம் வேண்டும் என்று கேட்டாள். போரமின் அம்மா ஏழு வருஷம் நாட்டையே ஏமாற்றியவள். பத்திரிகைக்காரன் கடைக்கே வந்து நூடுல்ஸ் தின்றபடி கேட்டபோதும் அசையாதவள். ஆனால் ஜோசியம் என்றால் வேறு. அங்கே பொய் வருஷம் சொன்னால் எவளோ ஒருத்தியின் தலையெழுத்து தன் மகளுக்கு வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவள் பயம். குரங்கு வருஷம், மாதம், நாள், காலை ஆறே கால் மணி என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை பயிற்சி அறைக்கு நான்கு காப்பி வாங்கிக்கொண்டு போரம் வந்தாள். சுல்பியும் தாவோனும் முடி திருத்தப் போயிருந்தார்கள். தரையில் உட்கார்ந்திருந்த நாரே எழுந்து நின்றாள். வந்து, காப்பித் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"என்னக்கா இது, நீங்க உக்காருங்க," என்றாள் போரம்.

"உங்களுக்கு என்ன வயசு?"

உனக்கு என்று கேட்கவில்லை. உங்களுக்கு என்று கேட்டாள். போரம் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அம்மா சொல்லிட்டாங்களா?"

"நேரத்தைத்தான் கேட்டேன். எல்லாத்தையும் சேத்துக் குடுத்தாங்க. என் பொண்ணுக்கு நல்லதா வரணும்னு அழுதாங்க."

"இருபத்தெட்டு."

நாரே தலையைக் குனிந்துகொண்டாள். அறைவாள் என்று போரம் காத்திருந்தாள். அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தலைவர் சொன்னது, பயந்தது, சொல்ல வாய் வந்து திரும்பிப் போன நாட்கள் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். கொட்டக் கொட்ட நெஞ்சு லேசானது. முடிந்துவிட்டது என்று நினைத்தாள். ஏழு வருஷத்தில் முதல் முறையாக நிமிர்ந்து மூச்சு விட்டாள்.

"அக்கா," என்றாள் நாரே.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை காலம் ஏங்கியிருக்கிறோம் என்பது போரமுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது.

"உங்களை வாடி போடின்னு சொல்லியிருக்கேன். துணி துவைக்க வெச்சிருக்கேன். மன்னிச்சிடுங்க," என்றாள் நாரே. பிறகு அவள் போரமின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பதிமூணு வயசுல இங்க வந்தேங்க்கா. எனக்கு ஒரு பரீட்சை எழுதத் தெரியாது, ஒரு கடை நடத்தத் தெரியாது. பெல்கார்டன் நாரேங்கறதுல பெல்கார்டனை எடுத்துட்டா நான் யாரு? நீங்க கையெழுத்து போடலைன்னா அந்தப் பேரு போயிடும்."

"என்னால முடியலை நாரே."

"தெரியுது. ஆனா ஏழு வருஷமா நான் மூத்தவன்னு நெனச்சு உங்களுக்கு விட்டுக் குடுத்தேன். கடைசித் துண்டைக் குடுத்தேன். மூணாவது பாட்டுல நடு வரி எனக்கு வந்தது, குட்டி பாடட்டும்னு உங்களுக்குக் குடுத்தேன். அந்த வரியாலதான் பாட்டு ஓடிச்சு. நான் ஒரு நாள் சொல்லிக் காட்டியிருக்கேனா? மூத்தவன்னா விட்டுக் குடுக்கணும், எங்கம்மா அப்படித்தான் வளர்த்தாங்க. இப்ப மூத்தவங்க நீங்க. இந்த ஒரு தடவை நீங்க விட்டுக் குடுங்க, அக்கா."

மலையில் போரமின் அம்மாவும் அப்படித்தான் வளர்த்திருந்தாள்.

"சுல்பி, தாவோன்கிட்டயாவது சொல்லிடலாம்," என்றாள் கடைசியில்.

"வேண்டாம். எங்களுக்கு மூத்தவங்களை நாங்க மூணு பேரும் வேலை ஏவின வீடியோ ஊர் பூரா கிடக்குது. வெளியில தெரிஞ்சா பொய் சொன்ன உங்களை ஒரு வாரம் திட்டுவாங்க. மரியாதை தெரியாதவளுங்கன்னு எங்களை ஆயுசு முழுக்கத் திட்டுவாங்க. இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

வெளியேறும் கதவு என்று போரம் ஏழு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று, உண்மை. அதன் வழியாக நாரே உள்ளே வந்து, அதைச் சாத்திவிட்டாள். கோபப்படவும் போரமுக்கு வழியில்லை. தங்கை கேட்கிறாள், அக்கா எப்படி மறுப்பது.

"சரி. போடுறேன்," என்றாள்.

அந்த வியாழக்கிழமை தலைவரின் அறையில் பத்திரிகைக்குப் படம் எடுத்தார்கள். நீள மேசையில் நான்கு ஒப்பந்தங்கள். ஒப்பந்தத்தில் மட்டும் பொய் எழுத முடியாது, சட்டம் உண்மைப் பிறந்த தேதி கேட்கும். அதனால் போரமின் தாளில் தலைவரே வந்து, பாசமாகத் தட்டிக்கொடுப்பவர்போல, அந்த வரிமேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார். அவருடைய மோதிரத்துக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த வெள்ளைக் காகிதத்தில் அவள் கையெழுத்திட்டாள்.

"கடைக்குட்டி, இந்தப் பக்கம் பாரு. அழகா ஒண்ணு செய்," என்றான் படம் எடுப்பவன்.

போரம் நாரேயைப் பார்த்தாள். நாரே கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "செய்டி குட்டி," என்றாள்.

போரம் கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டாள். அடுத்த மூன்று வருஷத்தில், இருவரும் தனியாக இருந்தபோதும்கூட, நாரே அவளை அக்கா என்று இன்னொரு முறை கூப்பிடவில்லை.