இரண்டே முக்கால் கிலோ

ஈரண்ணா ஹூகாரின் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். பிறவிக் கோணல் அல்ல. பன்னிரண்டு வருஷம் லேப்டாப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஹூப்ளியிலிருந்து கதக், ஹாவேரி என்று சிவப்பு பஸ்ஸில் நின்றபடியே போய்வந்ததில் சம்பாதித்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவான். சட்டைப் பொத்தானைக் கழற்றியும் காட்டுவான். அப்போதெல்லாம் அவன் மனைவி ஷோபா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அவன் வேலை காது மெஷின். கடை ஹூப்ளியில், வேலை தெருவில். காதுகள் எல்லாம் ஒரே மாதிரி கெடுவதில்லை. ஒருவருக்குக் குருவிச் சத்தம் கேட்காது, இன்னொருவருக்கு லாரி வருவது தெரியாது. பெட்டியிலிருந்து எடுத்த மெஷினை அப்படியே மாட்டினால் அது எல்லாவற்றையும் சேர்த்து ஓங்கிக் கத்தும். ஆளுக்குத் தக்கபடி அதைத் திருத்திக் கொடுக்க வேண்டும். இதற்கு அவன் படித்தது ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு. ஜனங்கள் அவனை டாக்டர் என்றார்கள். முதல் வருஷம் மறுத்தான். அப்புறம் நல்லாத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டான்.

பழைய லேப்டாப் ஒருநாள் சவனூர் பஸ்ஸில் உயிரை விட்டது. முதலாளி கல்மட் சார் அவனைக் கூப்பிட்டார்.

"ஒண்ணுதான் வாங்க முடியும் ஈரண்ணா. டேப்லெட்டா, லேப்டாப்பா? ரோட்ல சுத்தறவன் நீ, நீயே எழுதிக் கொடு. நான் சொன்னா அப்புறம் தோளைக் காட்டுவே."

ஒரு வாரம் கம்ப்யூட்டர் கடைக்காரனிடமிருந்து ஒரு டேப் இரவல் வாங்கி வைத்துப் பார்த்தான். பார்த்ததும் மனசு பறிபோய்விட்டது. ஒரு நோட்டுப் புத்தகத்தின் எடை. கூட்ட பஸ்ஸில் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாம், நின்றபடியே கபடி பார்க்கலாம். புதுசாக வந்த மெஷின்களுக்குக் கம்பியே வேண்டாம், கண்ணாடியில் விரலால் தள்ளினால் மெஷினுக்குள் சத்தம் ஏறும், இறங்கும். ஹூப்ளி ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் அவன் விரல் தள்ளும் அழகைப் பார்த்து வாய் பிளந்தார். ஈரண்ணாவுக்கு அது லேப்டாப் வாழ்க்கையில் கிடைக்காத மரியாதை.

ஒரே ஒரு சங்கடம். பழைய மாதிரி மெஷின்களைக் கம்பி போட்டு லேப்டாப்பில்தான் திருத்த முடியும். அந்தப் பழைய மாதிரி யாரிடம் இருந்தது? தர்ம டிரஸ்டுகள் முகாம் போட்டு இலவசமாகக் கொடுத்த ஏழைகளிடம். புது மாதிரி வாங்கியவர்களுக்குக் கார் இருந்தது, நினைத்தபோது ஹூப்ளிக்கு வர வழி இருந்தது. ஊருக்கே போய்த் திருத்த வேண்டியது அந்த மற்றவர்களுக்குத்தான். இது அவனுக்கு ஒவ்வொரு பெயராகத் தெரியும்.

கல்மட் சார் கொடுத்த தாளில் ஒரு கேள்வி இருந்தது: கம்பி தேவைப்படுகிறவர்கள் எத்தனை பேர்? "மிகச் சிலர்" என்று எழுதினான். ஷோபா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"உங்க நோட்டுல முப்பத்தேழு பேரு இருக்காங்களே. நம்ம கல்யாணத்துல முதல் பந்தியே அவ்வளவு பேர்தான். அது சிலரா?"

"அவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை திருத்தினா போதும். அப்ப ஹூப்ளிக்கு வரச் சொல்லிக்கலாம், கடையில ஒரு பழைய லேப்டாப் இருக்கு."

"வருவாங்களா?"

"நீ அந்தப் பையைத் தூக்கிட்டு முண்டர்கி வரைக்கும் நின்னுட்டே போய்ப் பாரு, அப்புறம் பேசு."

அவன் தாளில் கையெழுத்துப் போட்டான். டேப் வந்தது.

லட்சுமேஷ்வரில் முகாம், செவ்வாய்க்கிழமை. ஒன்பது மெஷின் புதுசாகக் கொடுக்கப்போகிறார்கள் என்று டிரஸ்ட் தலைவர் முதல் நாளே போனில் சொல்லியிருந்தார். "புதுசு" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, மாதிரியும் புதுசாகத்தான் இருக்கும் என்று ஈரண்ணா தன்னைத் தானே நம்பவைத்துக்கொண்டான். கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை.

ஒன்பதும் கம்பி போடுகிற பழைய மாதிரி. எட்டு பேரிடம் தைரியமாகச் சொன்னான்: இன்று பெயர் மட்டும் எழுதிக்கொள்கிறேன், அடுத்த மாதம் மெஷின் மாட்டுவோம். அவர்களுக்கு உள்ளூர், முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ஒன்பதாவதாக நீலவ்வா வந்து உட்கார்ந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற கானாவளி என்கிற சாப்பாட்டுக் கடையில் சோள ரொட்டி தட்டுகிறவள், ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரைக்கும் மாவு காய்ந்திருந்தது.

"அடுப்பை அடுத்தவ கையில விட்டுட்டு வந்திருக்கேன் டாக்டரப்பா. எத்தனை ரொட்டின்னு கத்தறது எனக்குக் கேக்க மாட்டேங்குது. பத்து கேட்டா நாலு போடறேன். வேலையை விட்டு அனுப்பிருவாங்களோன்னு பயமா இருக்கு."

அந்த நேரம் பார்த்து டிரஸ்ட் தலைவர் ஒரு போட்டோக்காரனோடு வந்து நின்றார். "இந்த அம்மாவுக்கு மாட்டுங்க டாக்டர், பேப்பருக்கு வேணும்." எட்டு பேரிடம் சொன்னதை அவர் முன்னால் சொல்ல ஈரண்ணாவுக்கு நா எழவில்லை. மெஷினை எடுத்து அவள் காதில் மாட்டினான். டேப்பைத் திறந்தான். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் யாரோ ஒரு ஜவுளிக்கடைக்காரரின் பக்கத்தைத் திறந்துவைத்து, விரலால் மேலே தள்ளினான், கீழே தள்ளினான். நீலவ்வா கைகூப்பாத குறையாக அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோ எடுத்தார்கள்.

"கேக்குதா யவ்வா?" என்று கத்தினான்.

"கேக்குது, கேக்குது. ஆனா மண்டைக்குள்ள தகரத்தை அடிக்கிறாப்புல இருக்கே?"

"பழகணும். காலையில மாட்டினா படுக்கிற வரைக்கும் கழட்டக் கூடாது. வலிக்குதுன்னு கழட்டறவங்களுக்கு எப்பவுமே பழகாது."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சரியாகத் திருத்திய மெஷினுக்கு அவன் எல்லோரிடமும் சொல்வது இதுதான். அதனால்தான் அது அவ்வளவு சரளமாக வாயில் வந்தது. நீலவ்வா தலையாட்டிக்கொண்டே போனாள்.

திரும்பும் பஸ்ஸில் டேப் கக்கத்தில் இருந்தது, தோள் லேசாக இருந்தது, கபடியும் ஓடியது. ஈரண்ணாவுக்கு யார் ஜெயித்தார்கள் என்று தெரியவில்லை. வீட்டில் ஷோபா பாத்திரம் கழுவும்போது ஒரு தட்டு கீழே விழுந்தது. அவன் உடம்பு தூக்கிப்போட்டது. கானாவளியில் ஒரு நாளைக்கு எத்தனை தட்டு விழும்? நீலவ்வா எத்தனை ரொட்டி தட்டுவாள்? ஒவ்வொரு தட்டும் அந்த மெஷினுக்குள் என்னவாகக் கேட்கும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை.

நாளைக்குப் போகலாம் என்று நினைத்தான். போக வேண்டுமென்றால் கடை லேப்டாப்பைக் கேட்க வேண்டும். கேட்டால் "மிகச் சிலர்" வெளியே வரும். ஒருநாள் டிரஸ்ட் தலைவருக்குப் போன் போட்டான். "எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க டாக்டர்" என்றார் அவர், எந்த ஒருவரையும் பார்க்காமலே. ஈரண்ணா அதை வைத்து ஒரு வாரம் ஓட்டினான். வலிச்சா அவளே கழட்டிடுவா என்று சொல்லிக்கொண்டான். கழட்ட மாட்டாள் என்பதும் தெரியும். கழட்டாதே என்று சொன்னவனே அவன்தானே.

இருபத்து மூன்றாம் நாள் காலையில் கல்மட் சாரின் மேஜை முன்னால் போய் நின்றான்.

"சார், தாள்ல தப்பா எழுதிட்டேன். சிலர் இல்ல. முப்பத்தேழு. இப்ப நாப்பத்தாறு."

கல்மட் சார் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாம எழுதினியா, தெரிஞ்சு எழுதினியா?"

"தெரிஞ்சுதான்."

"உன் தோளு மட்டும் தோளு, அவங்க காது காதில்லையா? எடுத்துட்டுப் போ. கடையில இருக்கறது பழசு, உன்னோடதைவிடக் கனம். சுமந்துட்டுப் போ, நல்லதுதான்."

கம்பியும் பெட்டியும் சேர்த்துப் பையைப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தான். இரண்டே முக்கால் கிலோ. லட்சுமேஷ்வர் வரைக்கும் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனான். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அவனுக்கே தெரிந்தது.

கானாவளியில் மதியச் சாப்பாட்டு நேரம். அடுப்பில் வேறொருத்தி இருந்தாள். கல்லாவிலிருந்த விமலக்கா, கடைக்காரி, அவன் பேரைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஓ, காது டாக்டர் நீங்கதானா? வாங்க வாங்க. என் கடை ரொட்டியை ஒழிச்சுக்கட்டின மகராசன் நீங்கதானா!"

"என்னாச்சுங்க?"

"பத்தொம்பது வருஷமா நீலவ்வா தட்டறா. எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு ஒருத்தன் வருவானா, அவ ரொட்டிக்குத்தான் வருவான். இந்த மெஷினை மாட்டின அன்னியிலேர்ந்து ஒவ்வொரு தட்டுக்கும் துள்ளி விழறா. வலிக்காம மெதுவாத் தட்டினா ரொட்டி விண்டு போச்சு. அப்புறம் தட்டவே மாட்டேன்னு பூரிக்கட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சா. பூரிக்கட்டையில சோள ரொட்டி! இது கானாவளியா ஆஸ்பத்திரியான்னு கேக்கறாங்க. நான் என்ன பண்ணுவேன், பின்னாடி உக்கார வெச்சுட்டேன். காலையில மில்லுலேர்ந்து இருபது கிலோ மாவு மூட்டையைத் தலையில கொண்டாரா, அப்புறம் கடலைக்காய் உரிக்கிறா."

"அதைக் கழட்டிட்டு..."

"நான் சொல்லாம இருப்பேனா? கழட்டுடீன்னா, டாக்டரப்பா சொல்லியிருக்காருங்கறா. உங்க பேச்சு அவளுக்கு வேதம்."

பின்கட்டில் நீலவ்வா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நெற்றியைச் சுற்றி ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். காதில் மெஷின் இருந்தது. இவனைப் பார்த்ததும் மடியிலிருந்த கடலைக்காய் சிதற எழுந்தாள். அவள் முகத்தில் பயத்தைப் பார்த்தபோது ஈரண்ணாவுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க டாக்டரப்பா. ஒரு நாள்கூடக் கழட்டலை, விமலக்காவையே கேளுங்க. என் காதுதான் மட்டம். நீங்க சொன்னபடி பழகவே மாட்டேங்குது. என் மேலதான் தப்பு."

"உக்காருங்க யவ்வா" என்று மட்டும் சொன்னான்.

அவளை முன்பக்கம் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து லேப்டாப்பைத் திறந்தான். கம்பியை மெஷினில் செருகினான். கீச்சுச் சத்தங்களை இறக்கினான், பேச்சுச் சத்தத்தை ஏற்றினான், ஓங்கி விழும் சத்தத்துக்கு மேலே ஒரு மூடி போட்டான். ஒவ்வொரு படிக்கும் அவளைக் கேட்டான். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. இருபத்து மூன்று நாள் வலிக்குப் பன்னிரண்டு நிமிஷம்.

நீலவ்வா நெற்றித் துணியை மெதுவாக அவிழ்த்தாள். உள்ளங்கைகளை ஒருதரம் தட்டிப் பார்த்தாள். இன்னொரு தரம் தட்டினாள். பிறகு எழுந்து அடுப்புக்குப் போனாள். "நகரும்மா கொஞ்சம்" என்று அங்கே இருந்தவளை நகர்த்திவிட்டு மாவு உருண்டையைப் பலகையில் வைத்தாள். தட்டத் தொடங்கினாள். கை சுற்றச் சுற்ற ரொட்டி விரிந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் கையைத் தட்டில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தார். நீலவ்வாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, அவள் துடைக்கவில்லை. விமலக்கா கல்லாவிலிருந்து, "ஏழாம் பெஞ்சுக்கு மூணு!" என்றாள், வழக்கமான தொண்டையில். "மூணு, கேட்டுச்சு" என்றாள் நீலவ்வா.

இப்படியே கிளம்பிவிடலாம். கும்பிடுவாள், ஒரு ரொட்டியும் கடலைச் சட்னிப் பொடியும் கட்டிக்கொடுப்பாள், ஊரெல்லாம் டாக்டர் பேரைச் சொல்வாள். ஈரண்ணா லேப்டாப்பைப் பையில் போட்டு மூடி, பையைத் தோளில் மாட்டாமல் பெஞ்சிலேயே விட்டான். அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"யவ்வா! தப்பு உங்க காதுல இல்ல!" என்று பழக்க தோஷத்தில் கத்தினான்.

"மெதுவா சொல்லுங்க டாக்டரப்பா. இப்பத்தான் நல்லாக் கேக்குதே."

அவன் குரலை இறக்கினான். "அன்னிக்கு உங்க மெஷினை நான் திருத்தவே இல்ல. திருத்தாத மெஷினோடதான் அனுப்பினேன். நான் டாக்டரும் இல்ல."

"கண்ணாடியில விரலால தள்ளினீங்களே?"

"சும்மா தள்ளினேன். எல்லாரும் பாக்கறாங்கன்னு. அதால இதைத் திருத்த முடியாது. இன்னிக்குக் கொண்டாந்த பொட்டி வேணும்."

"அன்னிக்கு ஏன் கொண்டாரலை?"

"கனமா இருக்குன்னு, இது வேணாம், சின்னது போதும்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

நீலவ்வா கல்லில் கிடந்த ரொட்டிக்கு ஈரத் துணியால் தண்ணீர் தடவினாள். திருப்பிப் போட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்தாள். மூடிவைத்திருந்த பையின் வாரை ஒற்றைக் கையால் பிடித்துத் தூக்கி, மாவை நிதானம் பார்ப்பதுபோல் இரண்டு தரம் மேலும் கீழும் அசைத்தாள்.

"எவ்வளவு இருக்கும்?"

"ரெண்டே முக்கால் கிலோ."

"இதுவா?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவன் தலையாட்டினான். அவள் பையைப் பத்திரமாக அவன் வலது தோளில் மாட்டிவிட்டு, ரொட்டி கருகிவிடும் என்று அடுப்புக்குத் திரும்பினாள்.