நாலு நிறச் சட்டையும் பவானியும்

"பந்தயம் நடத்தப் போறியா, மொதல்ல..." என்று என் அப்பா, நைனா, ஏதோ சொல்வார். மொதல்ல என்ன செய்ய வேண்டும் என்பதுதான் மறந்துபோயிற்று. பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுச் சித்தூருக்குத் திரும்பியவன், இப்போது ஓர் அறக்கட்டளைக்காகப் பெண்பிள்ளைகளின் கபடிப் போட்டி நடத்திக்கொண்டிருக்கிறேன். இந்த வேலையில் ஆட்டம் சுலபம். ஆட்களைப் பிரிப்பதுதான் தலைவலி. போட்டி நடத்தி வாங்கிக்கட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியாததா?

என்ன நிறம்?

இங்கே வாழும் எல்லா மக்களையும் கௌரவிக்க வேண்டும் என்று அறக்கட்டளைக்கு ஆசை. அதனால் வீட்டுமொழிக்கு ஓர் அணி. தமிழுக்குச் சிவப்பு, தெலுங்குக்கு மஞ்சள், உருதுக்கு நீலம், கன்னடத்துக்கு வெள்ளை. அணிக்கு ஒருத்தியின் கல்லூரிச் செலவு எங்களுடையது. அது யார் என்று அணியே சொல்லலாம்.

திருப்பதியில் அலிபிரி பக்கம் ஒரு மைதானத்தில் சட்டை கொடுக்க உட்கார்ந்தேன். நகரியிலிருந்து பவானி வந்து நின்றாள். விசைத்தறி ஓட்டுகிறவரின் மகள். வீட்டில் என்ன மொழி என்று கேட்டேன்.

"அம்மாகிட்ட தமிழு, நைனாகிட்ட தெலுங்கு, சண்டைன்னு வந்தா ரெண்டும், சார்."

எந்தச் சட்டையும்

தெலுங்கு மீடியம் படித்தவள் என்று தமிழ் அணி திருப்பி அனுப்பியது. அம்மா தமிழ்தானே என்று தெலுங்கு அணியும் அனுப்பியது. பாடிப்போவதில் இவளைப்போல நல்ல ரைடர் வந்தால் தங்கள் பிள்ளைக்கு வரவேண்டிய படிப்பு போய்விடுமே என்ற பயம். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோலவே பட்டது எனக்கு. அவளுடைய அப்பா என்னை ஓரமாக அழைத்தார்.

"பத்துக்கு மேல இன்டர் ரெண்டு வருஷமும் முடிச்சிட்டா சார். இதுவும் கெடைக்கலன்னா என்கூட தறியிலதான் நிக்கணும். எந்தச் சட்டைன்னாலும் குடுங்க, அழுக்கா இருந்தாலும் தோச்சிக்கிறோம்."

ஏழாவது ஆள்

அதற்குள் உருது அணியில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கேப்டன் ஷபானா நேராக வந்து பவானியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அம்மா, இது உருது அணி என்றேன், ஏதோ அவளுக்குத் தெரியாததுபோல.

"உள்ள போய் மூச்சு வுடாம கபடி கபடின்னுதானே சொல்லிக்கினு இருக்கப்போறா? அதுக்கு எந்த மொழி சார்?"

போட்டோவுக்குக் கீழே

நீலச் சட்டை ஜெயித்தது. படிப்புக்கு யார் என்று கேட்டேன். ஷபானாவைத்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். அவளோ பவானியை முன்னால் தள்ளினாள். "எனக்கு இன்டர் இன்னும் ஒரு வருஷம் இருக்கு சார். எங்க சட்டை போட்டு ஆடினவ எங்க பொண்ணுதான்."

அறக்கட்டளைத் தலைவருக்குப் போன் போட்டேன். யாரைக் கௌரவித்திருக்கிறோம் என்று எனக்கே புரியாதபோது அவருக்கு எப்படிப் புரியவைப்பது? நடந்ததைச் சொன்னேன்.

"உருது எடத்துல நகரிப் பொண்ணா? போட்டோவுக்குக் கீழ என்னய்யா போடுறது?"

உருது அணியின் இடத்தைப் பவானிக்கே கொடுத்தேன்.