எல்லாக் காரணங்களுக்கும் ஒரு பாடு

காலையில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தபோது கஸ்தூரியின் தம்பி ஏழுமலை சுண்ணாம்புக்குளத்திலிருந்து போன் செய்தார். "சாப்ட்டீங்களாக்கா?" என்றுதான் ஆரம்பித்தார். அந்தக் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "அக்கா நம்மள வுட்டுட்டுப் போயிடுச்சுக்கா" என்று அவர் சொன்னபோது அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. அவளுக்கு உடம்பு முடியவில்லை என்று தெரியும். தெரிந்திருந்தது எதற்கும் உதவவில்லை.

அவளை மேடம் என்று அழைத்தவர்களும் பழவேற்காடு ஏரிக்கரையில் அக்கா என்று அழைத்தவர்களும் இதைப் படிப்பீர்கள். விமான விபத்துகளை விசாரிக்கும் வேலையில் நானும் அவளும் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் தஞ்சாவூர்க்காரி, எனக்கு வாய் நீளம். அவளுக்குப் பொறுமை நீளம். மேலதிகாரி முன்னாலேயே "இன்னா சார், இப்டி சொல்லிட்டீங்க?" என்று கேட்பாள். சிரித்தவர்களோடு சண்டைக்குப் போனது நான்தான், அவள் போனதில்லை. அவள் நைனா என்று கூப்பிட்ட அப்பா, ஏரியில் வலை போட்டுப் படிக்கவைத்த பெண் அவள். அதை அவள் மறைத்ததும் இல்லை, பறைசாற்றியதும் இல்லை. பறைசாற்றும் வேலையை நான் பார்த்துக்கொண்டேன், இப்போதும் பார்க்கிறேன்.

அந்தச் சரக்கு விமான விபத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஐஸ் பெட்டிகளில் அடைத்த இறாலை ஏற்றிவந்த விமானம் கொட்டும் மழையில் இறங்கியது. ஓடுபாதைக்குள் நிற்காமல் கடைசி வரை ஓடி, வேலியை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. துணை விமானி பிழைத்துக்கொண்டார். கேப்டன் இறந்துபோனார். நாங்கள் போய்ச் சேருவதற்குள் டிவியில் தீர்ப்பே வந்துவிட்டது. கேப்டன் ஓடுபாதையின் ஆரம்பத்தில் இறங்காமல் வெகுதூரம் தள்ளி இறங்கிவிட்டாராம், அவ்வளவுதானாம். செத்தவர் எழுந்து வந்து மறுத்துப் பேசப் போவதில்லை என்பது எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

எங்கள் அதிகாரிக்கும் அதையே எழுதி முடித்தால் போதும் என்று இருந்தது. அப்போதுதான் கஸ்தூரி தன் ஊர் வழக்கத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பழவேற்காடு ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்கள் சிலதான். அங்கே யார் எந்த நாளில் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பலசாலி என்பதற்காக இன்னொருவன் பாட்டில் யாரும் வலை இறக்க முடியாது. "காரணத்துக்கும் அப்டித்தான் சார். சத்தமா இருக்கற காரணமே தெனமும் வலை போடக்கூடாது. எல்லாத்துக்கும் ஒரு பாடு வரணும்" என்றாள். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் அவள் சொன்ன முறைப்படிதான். பிரேக்குக்கு ஒரு நாள். கழற்றிப் பார்த்தோம், பழுதில்லை என்று அனுப்பிவைத்தோம். காற்றுக்கு ஒரு நாள். இறங்கும் நேரத்தில் காற்று திசை மாறி, விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளியிருந்தது, அது விமானிக்குத் தாமதமாகவே சொல்லப்பட்டிருந்தது. ஓடுபாதைக்கு ஒரு நாள். டயர் ரப்பர் படிந்து வழவழத்த இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றிருந்தது. கேப்டனுக்கும் ஒரு நாள். அவர் தள்ளி இறங்கியது உண்மை என்று அவளே முதலில் சொன்னாள்.

எங்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று அவளுக்குத் தோன்றியது. விமானம் கிளம்பிய ஊருக்குப் போய், பெட்டி கொண்டுவந்து ஏற்றிய இறால் ஷெட் ஆட்களிடம், "மழைல லேட்டாச்சே, மேல ஐஸ் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"போடாம இன்னாம்மா? இறா கெட்டுப்பூடுமே."

"போட்டப்புறம் எடை பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. பழைய எடையை வைத்தே விமானம் கிளம்பியிருந்தது. ஷேர் ஆட்டோவில் நாலு பேர் கூடுதலாக ஏறினால் வண்டி எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியும். விமானத்துக்கும் அதே கதைதான்.

அந்த இறால் கஸ்தூரியின் ஊர் ஏரிக்கரையில் பெட்டி அடைக்கும் ஷெட்டுகளிலிருந்து போனது. ஏழுமலையே அப்படி ஒரு ஷெட்டில்தான் வேலை பார்த்தார். சேதி ஊருக்குள் பரவிவிட்டது. திருவிழாவுக்கு அவளோடு நானும் போயிருந்தேன். கோயில் வாசலில் ஊர்க்காரர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "நம்ம ஐசாலதான் பிளேன் வுழுந்துச்சுனு எழுதப்போறியாமே? வாங்கறவன் நின்னுட்டா நாங்க இன்னாத்த துன்றது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். விசாரணை பற்றி வெளியே வாய் திறக்காதவள் அன்று கொஞ்சம் திறந்தாள். "பாடு வந்தவன் நம்ம ஆளுனா ஒரு நாயம், அடுத்தவன்னா ஒரு நாயமா மாமா? ஐஸ் போட்டது தப்புனு எழுத மாட்டேன். போட்டப்புறம் யாரும் எடை பாக்கலனு எழுதுவேன்." ஏழுமலை அன்றைக்கு அவளோடு சேர்ந்து சாப்பிடவில்லை. ரொம்ப நாள் பேசவும் இல்லை. அவள் அழுததை நான் பார்த்தேன். எழுதியதை மாற்றவில்லை என்பதையும் பார்த்தேன். என் தோழி என்று சொல்லிக்கொள்ள எனக்கு அந்த ஒன்றே போதும்.

அறிக்கை வெளியானபின் கேப்டனின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். பிள்ளைகளைப் பள்ளியில் கேலி செய்கிறார்களாம். "என் வீட்டுக்காரர் மேல தப்பா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். நானாக இருந்தால் ஏதாவது ஆறுதலாக உளறியிருப்பேன். கஸ்தூரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் மேலயும் இருக்குதும்மா. ஆனா அவர் மேல மட்டும் இல்ல" என்றாள். அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். வெறும் சமாதானமாக இருந்திருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

கஸ்தூரியின் அடக்கத்துக்கு அந்த அம்மா வந்திருந்தார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அவர்களையும் அழைத்து வந்திருந்தார். யாரென்று தெரிந்ததும் ஏழுமலை தானே நாற்காலி கொண்டுவந்து போட்டார். என்னிடம் வந்து, "இப்பல்லாம் மேல ஐஸ் போட்டா, திரும்ப எடை பாக்காம எங்க ஷெட்டுல பொட்டி வண்டி ஏறாதுக்கா. அக்கா பேரச் சொல்லித்தான் பாக்கறோம்" என்றார். அன்று கோயில் வாசலில் கேள்வி கேட்ட அந்தப் பெரியவர்தான் பாடைக்கு முதலில் தோள் கொடுத்தார்.

கும்மிடிப்பூண்டியில் ரயிலேறித் திரும்பினேன். அனுப்பம்பட்டு தாண்டும்போது எதிர் சீட்டுப் பையன் செல்போனில் ஏதோ லாரி கவிழ்ந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "டிரைவர் குடிச்சிருப்பான்" என்று பக்கத்து நண்பனிடம் சொன்னான். என் வாய்தான் சும்மா இருக்காதே. "மத்த காரணத்துக்கெல்லாம் பாடு வந்துடுச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டேன். "இன்னா ஆண்ட்டி?" என்று விழித்தான். பாடு என்றால் என்னவென்று ஆரம்பித்து, ஓடுபாதை, காற்று, ஐஸ், கேப்டன் என்று பேசின் பிரிட்ஜ் வரை சொல்லிக்கொண்டே வந்தேன். கஸ்தூரி, உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். இனி அதை நான்தான் கேட்டாக வேண்டும்.