எதிர்ச்சாரித் தண்ணீர்

தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் வயித்துப்போக்கு அக்கா. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஒரு மனுஷி வாரம் தவறாமல் கதவைத் தட்டி, சிலேட்டுப் பலகை அளவுக்கு ஒரு போனை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, "போன ஏழு நாள்ல வீட்டுல யாருக்காவது வயித்துப்போக்கு இருந்துச்சா?" என்று கேட்டால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மகாராணி என்றா?

"இருந்துச்சுக்கா. எடுத்து வச்சிருக்கேன், பாக்குறீங்களா?" என்பான் மூலை வீட்டு மெக்கானிக்.

அவள் சிரிக்க மாட்டாள். கேட்கிறவர் சிரித்தால் பதில் சொல்கிறவர் பதிலை மாற்றிவிடுவார் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். 'ஆம்' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அண்ணிக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அது.

விஷயம் இதுதான். ஏழை நாடுகளுக்கு எதைக் கொடுத்தால் உருப்படும், கொடுத்தது எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் என்று ஆராய்கிற ஒரு நிறுவனம் அந்தத் தெருவைப் பிடித்திருந்தது. தெருக் குழாயில் வருவது பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்றுவிட்ட தம்பி. நிறுவனத்திடம் ஒரு வடிகட்டி இருந்தது: ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை வாளி, உள்ளே தடித்த ஒரு மண் குழல், அடியில் சின்னக் குழாய். எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் நோய் குறைந்தது அதனால்தானா என்று எப்படித் தெரியும்? ஆகவே குலுக்கல் போட்டார்கள். தெருவின் கிழக்குச் சாரி வீடுகளுக்கு வடிகட்டி விழுந்தது. மேற்குச் சாரிக்கு ஆய்வு முடிந்த பிறகு. அதுவும் வடிகட்டியால் பலன் உண்டு என்று நிரூபணமானால்.

அவள் வீடு மேற்குச் சாரி. அண்ணன் வெல்டிங் பட்டறையில், அண்ணி வீட்டில், அவர்களுடைய ஒரே மகள் பட்டாணி எல்லாருடைய இடுப்பிலும். பள்ளிப் படிப்பை முடித்த பெண் தெருவில் அவள் ஒருத்திதான் என்பதால் வேலை தேடி வந்து விழுந்தது. கேள்வி கேட்பதோடு மாதம் ஒருமுறை குழந்தைகளை எடையும் போட வேண்டும். கொக்கித் தராசில் துணிக் கால்சட்டை மாட்டி, அதில் குழந்தையை இறக்கித் தொங்கவிடுவாள்.

"கிலோ என்ன விலைம்மா? ரெண்டு வாங்கினா ஒண்ணு சும்மா தருவியா?" என்பாள் எதிர்வீட்டுத் தையல்காரம்மா.

பட்டாணியைத் தொங்கவிடும்போது மட்டும் யாரும் ஜோக் அடிப்பதில்லை. முள் போன மாதம் நின்ற இடத்திலேயே நிற்கும். சில மாதம் அதற்கும் கீழே.

காய்ச்சிக் கொடுத்தார்கள்தான். கேஸ் இருக்கும் வரை காய்ச்சினார்கள். அது தீர்ந்து, அடுத்தது வரும் வரை குழாய்த் தண்ணீர். அப்படி ஒரு வாரத்தில்தான் அண்ணி மெதுவாகக் கேட்டாள்.

"தையல்காரம்மா வீட்டுல தினம் ஒரு சொம்பு வாங்கிக்கட்டுமா? பட்டாணிக்கு மட்டும்."

"வேணாம் அண்ணி. இந்தச் சாரி அந்தத் தண்ணியைக் குடிச்சா ஆய்வு கெட்டுப்போகும். அப்புறம் நம்ம பக்கம் யாருக்குமே வராது. கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க."

"சரிங்க மேடம்," என்று அண்ணி சலாம் வைத்தாள். அதற்குமேல் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் பட்டாணிக்கு நிற்காமல் போனது. கண் உள்ளே போய், அழக்கூடத் தண்ணீர் இல்லாத முகமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அந்தச் சுண்டுவிரல் கைக்கு நரம்பு கிடைக்காமல் நர்ஸ் திண்டாடினாள். பட்டாணி பிழைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் தெரு முழுக்கக் கேட்டுவிட்டு, விதி விதிதான் என்று, அவள் தன் வீட்டிலும் போனைத் திறந்து உட்கார்ந்தாள்.

"போன ஏழு நாள்ல..."

அண்ணி அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "நீயே போட்டுக்கோ," என்றாள்.

ஒன்றரை வருடம் கழித்து, முடிவைச் சொல்ல நிறுவனத்து சார் வந்தார். கண்ணாடி போட்ட, வெயிலில் சிவந்துபோகிற, நல்ல மனுஷன். தெருமுனைக் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"ரெண்டு சாரிக்கும் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியலை. ரெண்டு பக்கமும் நோய் ஒரே அளவுல குறைஞ்சிருக்கு. அதுக்கு வடிகட்டிதான் காரணம்னு சொல்ல முடியாது. அதனால இந்தத் திட்டம் இதோட முடியுது. உங்க ஒத்துழைப்புக்கு ரொம்ப நன்றி."

ஜனங்கள் கைதட்டினார்கள். நன்றி என்றால் கைதட்ட வேண்டும் என்று பழகியிருந்தார்கள்.

அவள் தட்டவில்லை. பக்கத்தில் தையல்காரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

"எப்படித் தெரியும் வித்தியாசம்? தெருவே ஒரே தண்ணியைத்தானே குடிச்சுது!"

"என்ன சொல்றீங்க?"

"எதிர்ல ஒரு பிள்ளை கலங்கல் தண்ணி குடிக்க, நான் மட்டும் நல்ல தண்ணி குடிச்சா அது தொண்டையில இறங்குமா? நீ தெருவைத் தாண்டுற வரைக்கும் காத்திருந்து எல்லாரும் குடம் குடமா வாங்கிட்டுப் போனாங்க. எங்க சாரியில எந்த வீடும் இல்லன்னு சொல்லல."

"அக்கம்பக்கத்துல வாங்கிக் குடிச்சீங்களான்னு நான் வாராவாரம் கேட்டேனே!"

"ஆமான்னு சொன்னா உன் வேலை போயிடும்ல? மெக்கானிக்தான் எல்லாருக்கும் சொல்லிவச்சான். அக்கா பாவம், மாட்டிவிட்றாதீங்கன்னு."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "எல்லா வீடுமா?"

தையல்காரம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "உங்க வீடு மட்டும் வரல. உங்க அண்ணியை நானே கூப்பிட்டேன். நாத்தனார் வேணாம்னு சொல்லிருக்கா, நான் வரமாட்டேன்னுட்டாங்க."

சார் ஜீப்பில் ஏறப்போகும்போது அவள் வழிமறித்துச் சொன்னாள். ஒன்றுவிடாமல். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜீப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதை எழுதினா ஆய்வு கெட்டுப்போச்சுன்னுதான் ஆகும். வடிகட்டி நல்லதுன்னு ஆகாது. திரும்ப முதல்லேருந்து செய்ய எங்ககிட்ட நிதியும் இல்ல."

"ரெண்டுல எதை எழுதினாலும் இங்க வராதா சார்?"

"வராது. அதோட, தப்பான பதில் வாங்கினது நீங்கன்னு ஆயிடும். அடுத்த ஆய்வுக்கு உங்களை எடுக்க மாட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "நீங்க என்கிட்ட எதுவும் சொல்லலன்னே வச்சுக்கலாம்."

"எழுதாம விட்டா, பலன் இல்லன்னு நீங்க சொன்னதை வேற நாட்டுல படிப்பாங்களா?"

"படிப்பாங்க. அதுக்குத்தானே எழுதறது."

"அப்போ அங்கயும் கொடுக்க மாட்டாங்க."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"எழுதுங்க சார்," என்றாள். ஏதோ தியாகம் செய்கிற குரல் இல்லை. எரிச்சல். தராசையும் போனையும் அவர் மடியில் வைத்தாள். கால்சட்டையைத் துவைக்கவில்லை என்பது ஜீப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

வீட்டில் அண்ணியிடம் சொன்னாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அண்ணி பட்டாணியை அவள் இடுப்புக்கு மாற்றிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கத் தெருவைக் குறுக்கே கடந்தாள்.

அவள் வாசலிலேயே நின்றாள். இடுப்பில் குழந்தை இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவு லேசு.

எதிரே தையல்காரம்மா வாளியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "குழல் அடைச்சுக்கிச்சு. புதுசு மாத்தித் தர்றேன்னு சொல்லியிருந்தாங்க. இனி யாரு தரப்போறா?" குழாயிலிருந்து தண்ணீர் தையல் நூல் கனத்தில் இறங்கிற்று. அண்ணி குடத்தைப் பிடித்தபடி குந்தியிருந்தாள், எழுந்திருக்கிற உத்தேசமே இல்லாமல்.

திரும்பியபோது குடத்தின் அடி மட்டும்தான் நனைந்திருந்தது. அதைத் தம்ளரில் சாய்த்துப் பட்டாணிக்குக் கொடுத்தாள். குழந்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. இருந்த இன்னொரு மடக்கை ஊற்றிய அண்ணி, அதில் பாதியை அவள் பக்கம் நீட்டினாள்.

"நீயும் ஒரு வாய் குடிக்கிறியா?"

"தாகமா இல்ல அண்ணி," என்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.