ஜெயக்கொடி டீச்சரின் இரண்டாவது கியர்

கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஜெயக்கொடி டீச்சரின் மகள் கவிதாவின் போன் வந்தது. "டீச்சர், அம்மா பூட்டாங்க. காலைல எழுப்புனேன், எழுந்திருக்கல" என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். மலைப்பாதையில் வருடக்கணக்காக அந்தப் பாழாய்ப்போன ஜீப்பை ஓட்டி எங்களைக் கதிகலங்க வைத்த மனுஷி, கடைசியில் கட்டிலில் படுத்தபடி அலுங்காமல் போய்விட்டார். கத்தரிக்காயை அங்கேயே போட்டுவிட்டு வெள்ளிமலை பஸ்ஸுக்கு நடந்தேன்.

அவரோடு வெள்ளிமலைப் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் புதிதாகச் சொல்லப்போவதில்லை. அவர் தமிழ் எடுத்தார், நான் கணக்கு. அவர் கணவர் தனபால், கச்சிராயபாளையத்துக்கும் வெள்ளிமலைக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டியவர். ஒரு சந்தை நாளில் ஆட்களை அடைத்துக்கொண்டு மலையிறங்கும்போது ஒத்தமரத்து வளைவில் ஜீப் உருண்டது. தனபாலும், உள்ளூர்க்காரி காளியம்மாவின் புருஷனும் முன்சீட்டிலேயே இறந்துபோனார்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தியபோது கியர் ராடு நியூட்ரலில் நின்றது.

ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் உருட்டிவிடும் கெட்ட பழக்கம் எங்கள் மலைப்பாதையில் பல டிரைவர்களுக்கு உண்டு. கியரில் இருந்தால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் பிரேக் ஒன்றுதான் கதி. தனபாலும் அப்படித்தான் விட்டிருப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். காளியம்மா இழவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "கொஞ்சூண்டு டீசலுக்கு எங்க வூட்டுக்காரர கொன்னுட்டானே உன் புருஷன்" என்று கத்தினாள். அதன் பிறகு ஜெயக்கொடி டீச்சரை எங்கே பார்த்தாலும் மண்ணில் காறித் துப்பிவிட்டுத்தான் போவாள்.

டீச்சர் நசுங்கிக் கிடந்த அதே ஜீப்பைச் சரிசெய்து, ஓட்டவும் கற்றுக்கொண்டு, ஒருநாள் பள்ளி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "உங்களுக்கு வேற வண்டியே கிடைக்கலையா?" என்று நான் சிடுசிடுத்தேன். "இன்னா நடந்துச்சுன்னு இதுக்குத்தான டீச்சர் தெரியும்" என்றார். அவர் சொன்ன விதத்தில் எனக்கு முதுகு சில்லிட்டது. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் உண்டு.

ஆனாலும் பஸ்ஸை நம்பி நிற்பதற்கு அலுத்துப்போய் அவரோடுதான் போய்வந்தேன். அவர் கியர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பழைய வண்டி, முரட்டு கியர். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவருவார், காலை எடுப்பார், ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டுவார், மறுபடி கிளட்ச். ராடு சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். "இழுத்துச் சண்டை போடக் கூடாது டீச்சர். என்ஜின் சத்தத்தக் கேட்டுக்கினே இருந்தா, எப்ப மாத்தணும்னு அதுவே சொல்லும்" என்பார். இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: "வளைவுக்குள்ள போயி கியரத் தேடாதீங்க. முன்னாடியே மாத்திட்டு உள்ள போவணும்." நான் என்னவோ ஓட்டப்போகிறவள் போல எனக்குச் சொல்வார்.

இறங்கும்போது எல்லா வளைவிலும் அவருடைய இடது கை ஸ்டியரிங்கில் இருக்கும். ஒத்தமரத்து வளைவு வந்தால் மட்டும் கையை எடுத்து ராட்டின் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்வார். கணவர் இறந்த இடமாயிற்றே, மனசு கேட்காமல் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். பனிமூட்டம் இறங்கிய ஒரு சாயங்காலம், எதிரே வந்த மாட்டுக்கு ஒதுங்குவதற்காக அந்த வளைவில் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை ஒடித்தார். அப்போது ராடு தானாக நகர்ந்து வெளியே வந்தது. உதறவில்லை, துள்ளவில்லை. யாரோ நிதானமாக இழுப்பது போல வந்தது. வண்டி விடுபட்டு ஓட ஆரம்பித்தது. அவர் பிரேக்கைக் கொஞ்சம் மிதித்து, என்ஜினை உறுமவிட்டு, மறுபடி இரண்டாவது கியருக்குள் தள்ளினார்.

"பாத்தீங்களா?" என்றார். "இந்த எடத்துல மட்டும்தான் டீச்சர். எறங்கும்போது மட்டும். அவரு நியூட்ரல்ல விடல. இதுவா கழண்டுக்கிச்சு."

கள்ளக்குறிச்சி மெக்கானிக் கியர் பெட்டியைப் பிரித்து மேசையில் பரப்பினார். தேய்மானம் எதுவும் இல்லை, ஸ்பிரிங்கூடப் புதியது. "பொட்டியில ஒரு கோளாறும் இல்லீங்க" என்றார். அவரே ஓட்டிப் பார்த்த எந்த இறக்கத்திலும் ராடு அசையவில்லை. வண்டியை விற்றுத் தொலையுங்கள் என்று நான் கெஞ்சினேன். டீச்சர் தலையை ஆட்டிவிட்டு, "அவரு காட்டிக்கினே இருக்காரு. பாக்க வேண்டியவங்க இன்னும் பாக்கலியே" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு காளியம்மா வீட்டுக்குப் போனார். சாமைக் கதிரை அடித்துக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். "காளியம்மா, ஒரே ஒருவாட்டி என்கூட வண்டியில வா. அப்பறமும் துப்பணும்னு தோணுச்சுன்னா என் மூஞ்சியிலயே துப்பு" என்றார் டீச்சர். காளியம்மா கையிலிருந்த உமியைத் தட்டிவிட்டு வந்து ஏறினாள்.

நடுவில் காளியம்மா, ஓரத்தில் நான். ஒத்தமரத்து வளைவுக்குச் சற்று முன்னால் டீச்சர் இரண்டாவது கியர் போட்டார். "ராட்டு மேல கைய வை. நான் தொட மாட்டேன்" என்றார். காளியம்மா ராட்டைப் பிடித்தாள். துணைக்கு என் கையையும் அவள் கைமேல் வைத்தேன். அந்த நேரத்தில் காட்டில் ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை. வளைவு திரும்பியதும் எங்கள் இரண்டு கைகளுக்கும் கீழே ராடு நகர்ந்தது. நாங்கள் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. அவசரமே இல்லாமல் நியூட்ரலுக்கு வந்து நின்றது. டீச்சர் எங்கள் கைகளை விலக்கிவிட்டு, சத்தமில்லாமல் கியரைத் திரும்பப் போட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தினார். காளியம்மா ராட்டைப் பார்த்து, "யோவ் தனபாலு, உன்னையவா நான் அத்தினி பேச்சு பேசினேன்" என்று சொல்லி அழுதாள். டீச்சர் அன்றுதான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

டீச்சரின் காரியம் முடிந்து அதே ஜீப்பில்தான் மலையிறங்கினேன். கவிதாவின் கணவர் ஓட்டினார், காளியம்மா பின்னால் இருந்தாள். ஒத்தமரத்து வளைவில் அவர் ராட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். ராடு அசையவில்லை. நான் தொட்டுப் பார்த்தேன், வெறும் இரும்பாக இருந்தது. "ஒண்ணியும் காணமே டீச்சர். அத்தையே முட்டியால தட்டி வுட்டிருப்பாங்களோ?" என்றார் அவர்.

பின்னாலிருந்து காளியம்மா சொன்னாள்: "அது இன்னாத்துக்கு அசையணும்? அந்தம்மாவும் அவரு கிட்டயே பூடுச்சு. இனிமே யாருக்குக் காட்டணும்?"

டீச்சரிடமிருந்து நான் பத்திரமாக வைத்திருப்பது ஒன்றுதான். ராடு நகர்ந்தபோது அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன, கால்கள் ராட்டுப் பக்கமே வரவில்லை. அருகில் இருந்து பார்த்தவள் நான். யார் வந்து கேட்டாலும் சொல்வேன்: தனபால் நியூட்ரலில் விடவில்லை.