உடனக்காவின் கணு

அலுவலகத்தார் அவருக்கு இட்ட பெயர் உடனக்கா. எவர் எதைக் கேட்டாலும் "உடனே முடிச்சிடறேன்" என்பார். சொன்ன வாய் மூடுமுன் முடித்தும் விடுவார். ஒரு பணியை ஓரமாய் வைத்துவிட்டு மற்றொன்றைத் தொடும் வழக்கம் அவரிடம் இல்லை. வீட்டிலும் அவ்வாறே. மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் கணவர் உண்டு எழுமுன்பே தட்டு கழுவப்பட்டுக் கவிழ்ந்திருக்கும்.

"கை காயறதுக்குள்ள தட்டைப் பிடுங்கிட்டுப் போயிடறியே. நான் சாப்பிட்டேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்பார் கணவர்.

"ஏப்பம் வந்துச்சுல்ல? அப்ப சாப்பிட்டாச்சு. எந்திரிங்க" என்பார் இவர்.

மக்கள் இருவரையும் பள்ளிப் பருவம்வரை வளர்த்தெடுக்க வேலையை விட்டவர், மீண்டும் வேலை தேடியபோது பல கதவுகளைத் தட்டினார். நேர்காணல் செய்தோர் முகம், இடையிலே வேலையற்றுக் கிடந்த ஆண்டுகளைக் கண்டதும் மாறிற்று. ஒரு மாடியறையில் இயங்கிய இச்சிறு மென்பொருள் நிறுவனம் மட்டுமே அவரைச் சோதனையாளராக ஏற்றது, அதுவும் தற்காலிகமாக. கையிலிருந்த மென்பொருள் பழுதின்றி ஒப்படைக்கப்பட்டால் பணி உறுதியாகும், இன்றேல் இல்லை.

அம்மென்பொருள் ஒரு குளிர்பதனக் கிடங்குக்கானது. காய்கனி வணிகர்கள் அங்கே ரேக்குகளை முன்பதிவு செய்வர். கிடங்குக்காரர் வேண்டியவருக்கு நல்ல இடமும் வேண்டாதவருக்குக் கதவோரமும் தருகிறார் என்ற பூசல் நெடுநாளாக இருந்தது. எனவே ஒதுக்கீட்டைப் பிளாக்செயினில் பதிவது என முடிவாயிற்று. எவரும் தனியே அழிக்கவியலாத பொதுப்பதிவு அது.

பிளாக்செயின் வலையில் பதிவின் முழுப் படியைத் தாங்கி நிற்கும் ஒவ்வொரு கணினியும் ஒரு கணு. மெய்யான வலையில் கணுக்கள் பல கூடி, சிறிது இடைவெளி விட்டு, அதுவரை வந்து குவிந்த கோரிக்கைகளை ஒரு பிளாக்காகக் கட்டிச் சங்கிலியிற் கோக்கும். சோதனைக்கு அத்தனை கணுக்கள் வேண்டா, ஒன்றே போதும். உடனக்கா தம் மேசைக்கடியில் இருந்த பழைய கணினியில் அதை அமைத்தார். வெளியுலகத் தொடர்பற்ற தனிச் சங்கிலி. பதிவுக் கட்டணத்துக்கென விளையாட்டு நாணயம் நிரப்பிய சில கணக்குகள். அலுவலகக் கணினிகளுக்கு மட்டும் செவிசாய்க்கும் ஒரு வாயில். பிளாக்கை எப்போது கட்டுவது என்பதற்கும் அமைப்புக் கோப்பில் ஒரு வரி உண்டு. குறித்த இடைவெளியில் கட்டுக என்றும் எழுதலாம். கோரிக்கை வந்த கணமே கட்டுக என்றும் எழுதலாம். உடனக்கா எதனை எழுதினார் என்று சொல்லவும் வேண்டுமோ?

சோதனைகள் விரைந்து முடிந்தன, ஒன்றுவிடாமல் தேறின. ஒப்படைப்புக்கு முந்தைய நாள் முற்பகலில் நிரலெழுதும் இளைஞன் அவர் மேசையருகே வந்து நின்றான். அவனைத் தாடி என்பர்.

"அக்கா, ஒரு சின்ன உதவி. பட்டனை அழுத்தின உடனே 'ஒதுக்கப்பட்டது'ன்னு வருது. இவ்வளவு சீக்கிரம் வந்தா குடோன்காரர் நம்ப மாட்டார். கொஞ்சம் சுத்தணும்."

"எது சுத்தணும்?"

"காத்திருக்கவும்னு ஒரு சக்கரம் போட்டிருக்கேன்க்கா. இழைச்சு இழைச்சு வரைஞ்சது. உங்க கணு புண்ணியத்துல இந்த ஆபீஸ்ல ஒருத்தர்கூட அதைப் பார்த்ததில்ல."

"வேலை முடியறது பெருசில்ல, சக்கரம் சுத்தறதுதான் பெருசு. நல்லா வருவே தம்பி."

எனினும் மாற்றித் தந்தார். பன்னிரண்டு நொடிக்கு ஒரு பிளாக் என்று அவ்வரியைத் திருத்திக் கணுவை நிறுத்தி மீளத் தொடங்கினார். நினைவகத்தில் மட்டும் வாழ்ந்த சங்கிலி ஆதலின் பழையன யாவும் மறைந்தன. ஒதுக்கீட்டு நிரலை மறுபடி அதில் ஏற்றி, கணக்குகளை நிரப்பி, ஒரு வணிகரின் பெயரில் மூன்றாம் ரேக்கைக் கேட்டு அழுத்தினார். சக்கரம் சுழலத் தொடங்கிற்று. நீலமும் வெள்ளியுமாய் அழகாகவே இருந்தது. தாடி கைகட்டி நின்று, தன் மகவின் முதல் நடையைக் காண்பவன்போல் அதனைக் கண்டான்.

உடனக்காவுக்கோ வாளா இருக்க இயலவில்லை. அருகே வேறொரு வணிகரின் பெயரில் மற்றொரு சாளரம் திறந்திருந்தது. அதிலும் மூன்றாம் ரேக் காலியெனவே காட்டிற்று. சும்மாயிருந்த விரல் அதையும் அழுத்தியது. இரு சக்கரங்களும் சேர்ந்து சுழன்றன, சேர்ந்தே நின்றன. இரு சாளரங்களிலும் ஒரே சொல்: ஒதுக்கப்பட்டது.

தாடியின் கட்டிய கை அவிழ்ந்தது. "இதுல யாருக்குக்கா ரேக்கு?"

சங்கிலியைத் திறந்து பார்த்தார். இரண்டாமவர் பெயர் இருந்தது. முதலாமவர் கோரிக்கையும் பதிவில் அழியாமல் இருந்தது; ஆனால் ரேக்குக்கு உரியவர் என்ற இடத்தில் அவர் பெயர்மேல் இவர் பெயர் ஏறியிருந்தது.

"ரேக் காலியான்னு பார்க்கிற வரி எங்க வெச்சிருக்கே?"

"திரையிலதான். திரையே தடுத்துடுதே, சங்கிலியில இருக்கிற நிரல்ல எதுக்கு இன்னொரு தடவைன்னு விட்டுட்டேன்."

திரை தடுத்தது உண்மையே. அழுத்திய கணமே பிளாக் கட்டப்பட்ட வரையில், இரண்டாமவர் பார்க்கையில் ரேக் நிறைந்தே தோன்றிற்று. மெய்யான வலையிலோ முதலாமவர் கோரிக்கை பிளாக்கில் ஏறும் வரை ரேக் எல்லார்க்கும் காலியாகவே தோன்றும். உடனக்காவின் சங்கிலியில் எவரும் காத்திருந்ததே இல்லை. ஆகவே இருவர் மோதிக்கொள்ள இடமே இல்லை.

தாடி குரலைத் தாழ்த்தினான். "பழையபடி மாத்திடுங்கக்கா. நாளைக்கு ஒருத்தர்தான் அழுத்தப் போறாங்க. காட்டி, கையெழுத்து வாங்கிடலாம். அடுத்த வாரம் ரெண்டு வரியில சரி பண்ணிடறேன்."

"சக்கரம்?"

"சக்கரம் நாசமாப் போகட்டும்."

இரு வரியை அன்றே எழுதிவிடலாம். ஆனால் தேறியவை என அவர் ஒப்பமிட்ட சோதனைகள் எல்லாம் அந்த ஒரே அமைப்பில் நடந்தவை. அவை அனைத்தையும் மீண்டும் நடத்த வேண்டும். மறுநாளுக்குள் அது முடியாது. இதைச் சொல்வது, இத்தனை மாத உழைப்பு செல்லாது என்று தம் வாயாலேயே சொல்வதாகும். உடனக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு மேலாளர் அறைக்குச் சென்றார்.

மேலாளர் முழுவதும் கேட்டார். "எல்லாம் பாஸ்னு வாராவாரம் அனுப்பினது நீங்கதானே மேடம்?"

"நான்தான் சார்."

"எந்தக் கணக்குல பாஸ் போட்டீங்க?"

"ஒருத்தர் முடிச்ச பிறகுதான் அடுத்தவர் வருவாருங்கிற கணக்குல. அந்த வரியை அப்படி வெச்சது நான்தான் சார்."

"ஒரு நாள் கழிச்சுத் தெரிஞ்சிருக்கக் கூடாதா இது?"

"தெரிஞ்சிருந்தா ரெண்டு வியாபாரி ஒரே ரேக் முன்னாடி லாரியோட நின்னிருப்பாங்க சார்."

மேலாளர் கிடங்குக்காரரை அழைத்து நாளைத் தள்ளிவைத்தார். தொலைபேசியை வைத்தபின், "உங்க வேலையை உறுதி பண்ற ஆர்டரும் அதோட சேர்ந்து நிக்கும். வருமா வராதான்னு இப்ப நான் சொல்ல முடியாது" என்றார்.

அன்றிரவு கணவர் கேட்டார்: "என்ன, போச்சா?"

"போகல. தள்ளிப் போட்டிருக்காங்க."

"பரவாயில்லையே, எதையும் தள்ளிப் போடாத நம்ம வீட்டுலயும் ஒரு விஷயம் தள்ளிப்போகுது." மனைவிக்குச் சிரிப்பு வராமை கண்டு அவரே தம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கணு புதிதாக அமைக்கப்பட்டது. பிளாக்குகள் சீரற்ற இடைவெளியில் வரும்படியும், சில வேளை ஒன்றுமின்றி வெறுமனே வரும்படியும் வைத்தார். ஒரே ரேக்கை ஒரே நேரத்தில் கேட்கும் பொய் வணிகர் பலரை நிரலாக எழுதி ஏவினார். முன்பு தேறியவற்றுள் பல விழுந்தன. முன்பதிவை ரத்து செய்வதும் ரேக்கை மற்றொருவருக்கு மாற்றித் தருவதும் அதே நோயுற்றிருந்தன. தாடி ஒவ்வொன்றாய்த் திருத்தினான். சக்கரம் சுழலும்போதெல்லாம் உடனக்கா இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமர்ந்திருந்ததை அலுவலகம் கண்டது.

"என்னக்கா, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி?"

"பேசாம உன் வரியைப் பாரு."

ஒப்படைப்பு நாளில் கிடங்குக்காரர் வணிகர் இருவரோடு வந்தார். மேலாளர் இருவர் கையிலும் கைப்பேசியைத் தந்து, ஒரே ரேக்கைக் கேட்கச் சொன்னார். சக்கரங்கள் சுழன்று நின்றன. ஒருவருக்கு ஒதுக்கப்பட்டது, பருத்த வணிகருக்கு இடமில்லை என்று வந்தது.

"இது என்னய்யா அநியாயம்? நான்தான் முதல்ல அழுத்தினேன்!"

"அழுத்தினது நீங்களா இருக்கலாம். சங்கிலியில முதல்ல ஏறினது அவர் பதிவுங்க" என்றார் உடனக்கா.

"யார் ஏத்தினது?" வணிகர் கிடங்குக்காரரை முறைத்தார்.

"என்னைப் பார்க்காதே. இந்தத் தடவை நான் வாயே திறக்கல" என்றார் கிடங்குக்காரர். அதைச் சொல்லுகையில் அவர் முகம் மலர்ந்திருந்தது.

பருத்தவர் ஏசிக்கொண்டே அடுத்த ரேக்கைத் தேடலானார். ஒப்படைப்புத் தாளில் சோதனையாளருக்குரிய இடத்தில் உடனக்கா ஒப்பமிட்டார். மேலாளர் அதனை வாங்கிப் பார்த்து, "ஆர்டர் மேசையில இருக்கு. போறப்ப எடுத்துக்குங்க மேடம்" என்றார்.