இசபெலின் பெட்டிக் கம்பி

இரண்டு முழங்கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு இசபெல் தன் வீட்டுப் படலையால் வெளியே நடக்கிறாள். முழங்கை இடிக்காத இடத்தில் பைக்கின் பக்கப் பெட்டியும் இடிக்காது. மாம்புரி ஊரில் யாராவது வேலியை முன்னே தள்ளிப் போட்டாலும், ஒழுங்கையில் கல் கொட்டினாலும், முதலில் இப்படி நடந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். கோயிலுக்குப் போகும் பெண்களுக்குச் சிரிப்பு.

"பறக்கப் போறியா புள்ள?"

"இறகு முளைக்கட்டும் மாமி, உங்களயும் ஏத்துறன்."

பைக் அவளுடையதல்ல, தம்பி றொபியுடையது. நெடுந்தூரப் பயணத்துக்கென்று செய்த பெரிய வண்டி. அதில் இலங்கையைச் சுற்றப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் இத்தாலிக்குப் போய்விட்டான். அவன் உடுப்பு வைக்க வாங்கிய பெட்டிகளில் இசபெல் இறால் குஞ்சு ஏற்றுகிறாள். ஒக்சிசன் அடைத்த பொலித்தீன் பைகளில், இமைமயிர் போலத் துடிக்கும் குஞ்சுகள். லொறி ஏற முடியாத இறால் பண்ணைக் குளக்கட்டுகளில் அவளுடைய வண்டி போகும். புறப்படுமுன் பையில் காதை வைப்பாள். "கதைக்குதுகள். போகலாம்" என்பாள்.

போன கிழமை தெருவின் நடுவில் ஒரு கழுதை நின்றது. விலக்கப்போய் பைக் சரிந்தது. பெட்டி பிளந்து, பை வெடித்து, குஞ்சுகள் தாரில் துள்ளிக் காய்ந்தன. கழுதை அசையவில்லை. அன்றைக்கே றொபி தொலைபேசியில் வந்தான்.

"அக்கா, பெட்டியச் சுத்திக் கம்பி போடு. போடாட்டி பைக்க வின்சன்ட் அண்ணனுக்கு வித்துப்போடுவன்."

"டேய், விழுந்தது நான். எனக்கு எப்பிடி எண்டு கேட்டியா?"

"நீ உடைய மாட்டாய். பெட்டிதான் உடையும்."

கராஜ் வைத்திருக்கும் வின்சன்ட்டுக்கு அந்த பைக் மேல் நீண்டநாள் ஆசை. ஆனாலும் கம்பியை ஒழுங்காகவே வளைத்துப் பூட்டிக் கொடுத்தார். வெள்ளி போல மின்னும் காப்புக் கம்பிகள் பெட்டிகளுக்கு வெளியே கொம்பு மாதிரித் துருத்திக்கொண்டு நின்றன. "இனி விழுந்தாலும் கம்பிதான் நிலத்தில முட்டும் தங்கச்சி. கழட்டினியெண்டா பைக் எனக்கு" என்று சிரித்தார். கை இருக்கையைத் தடவிக்கொண்டிருந்தது.

கம்பியோடு முதற் சவாரி அபூசாலி நானாவின் குளத்துக்கு. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்த மனிதர். யுத்தம் முடிந்தபின் அங்கிருந்த காணியை விற்று இந்தக் குளத்தை வெட்டினார். போன போகத்தில் வலைக் கிழிசலால் நண்டு புகுந்து வெள்ளைப்புள்ளி நோயைக் கொண்டுவர, இறால் முழுவதும் செத்து மிதந்தது. இப்போது நண்டு புகாதபடி கட்டு நெடுகப் புதிய வலை அடித்திருக்கிறார். ஒரு பக்கம் வலை, மறுபக்கம் வாய்க்கால், நடுவில் பைக்குக்கு மட்டும் இடம்.

அவர் கட்டின் வாசலிலேயே கையைக் காட்டி மறித்தார்.

"மகள், இந்தக் கொம்போட உள்ள வராதீங்க. வலையில கொளுவினா எனக்கு இன்னொரு முற இல்ல."

"கம்பி இல்லாட்டி எனக்கு பைக் இல்ல நானா."

"அப்ப திருப்பிக்கொண்டு போங்க. உங்கட குஞ்ச வாங்க வேற ஆக்கள் இல்லயா?" அவர் முகத்தை வாய்க்கால் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். கட்டின் அந்தத் தொங்கல் முனைக்குப் போவதற்குள் வெயிலில் பைத் தண்ணீர் சுட்டுவிடும். கம்பியை இங்கே கழற்றிப் பிறகு பூட்டலாம். ஆனால் அவள் போகிற எல்லாக் கட்டிலும் இதே வலைதான். பெட்டியைத் திறந்து பையில் காதை வைத்தாள். பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து நட்டுச் சாவியை எடுத்து முதல் நட்டைத் திருப்பினாள்.

அந்த நேரம் பார்த்து றொபி வீடியோவில் வந்தான். "கம்பி போட்டாச்சாமே, காட்டு பாப்பம்."

"போட்டது. இப்ப கழட்டுறன்."

"அக்கா! நான் சொன்னது சொன்னதுதான்!"

"வில்லு. வின்சன்ட் அண்ணன்ட காலில விழுந்து இரவல் வாங்கியெண்டாலும் ஓடுவன். குஞ்சு காத்துக்கொண்டு கிடக்கு, போன வை."

அபூசாலி பைக்கைச் சரியாமல் பிடித்துக்கொண்டார். இரண்டு கம்பிகளும் கையில் வந்தன. கட்டின் மூலையில் உக்கிப்போன ஒரு கட்டை சாய்ந்து, வலை அந்த இடத்தில் நண்டு புகுமளவுக்குத் தொய்ந்து கிடந்தது. இசபெல் அங்கே போய், கம்பிகளைத் தலைகீழாகச் சேற்றில் குத்தி, குதிகாலால் மிதித்து இறக்கினாள். தொய்ந்த வலையை இழுத்து அவற்றில் இறுக்கி முடிந்தாள்.